பழைய கேமராவுக்குப் புதுத்தோல்: முக்கால் மில்லி விவகாரம்

"இது தோலே இல்ல தம்பி."

பேரணாம்பட்டில் தோல் விற்கும் பாய், மாமாவின் கேமராவிலிருந்து உரித்த மேலுறைத் துண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒருமுறை மடக்கினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பம் முப்பது வருஷமாகச் சொல்லிவந்த பெருமை அவர் கடை மேஜையிலேயே முடிந்துபோனது.

மாமா குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். போர்டில் தமிழும் தெலுங்கும் இருக்கும். சித்தூர், பலமநேர் பக்கத்திலிருந்தும் கல்யாண ஆர்டர் வரும். அவருடைய யாஷிகா மேட் 124ஜி கேமராவை எங்களைத் தொடவிடமாட்டார். "அசல் தோலுடா, கை வேர்வை படக்கூடாது" என்பார். அவருடைய வேர்வை மட்டும் படலாம் போலிருக்கிறது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் கூட்டம் நெரியும்போது, கேமராவைத் தலைக்குமேல் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து அதன் கண்ணாடியைப் பார்த்தபடியே படம் எடுப்பார். இரட்டை லென்ஸ் கேமராவில் மேலிருந்து குனிந்து பார்ப்பதுதான் வழக்கம். கவிழ்த்துப் பிடித்தால் கூட்டத்தின் தலைக்குமேலே ஒரு கண் கிடைத்துவிடும். அப்படிப் பிடித்துப் பிடித்தே இரண்டு பக்கவாட்டிலும் உறை வழுவழுவென்று ஆகியிருந்தது.

மாமா போன பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார். ஷட்டர் ஓடியது. லென்ஸில் லேசாகப் பூஞ்சை. ஆனால் தோல் என்று நாங்கள் நம்பியிருந்த அந்த மேலுறை நான்கு ஓரமும் சுருங்கி, மூலைகள் அப்பளம் மாதிரி மேலே கிளம்பி, அடியில் பழுப்பு நிறப் பசை தெரிந்தது. அதை மாற்றப் போய்த்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பகலில் லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில், எட்டு வருஷத்தில் பதினோரு கேமராவுக்கு மேலுறை மாற்றியிருக்கிறேன். முதல் மூன்றைக் கெடுத்ததில் கற்றதை வைத்துத்தான் மற்ற எட்டும் தேறின.

பாயிடம் போவதற்கு முன்பே ஒரு சுற்று கெடுத்துவிட்டுத்தான் போனேன். ஆம்பூரில் துண்டுத்தோல் விற்கும் கடையில் கறுப்பாக ஒன்றைப் பார்த்தேன். தொட்டால் கன்றுக்குட்டி காது மாதிரி மெத்தென்று இருந்தது. தோல் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைப் போடுவது என்று வாங்கிவந்து, பின்கதவுக்கு அளவெடுத்து வெட்டி, கையில் கிடைத்த உடனடிப் பசையால் ஒட்டிவிட்டேன். கதவை மூடும் வரைக்கும் அழகாகத்தான் இருந்தது. கதவின் விளிம்பு கேமரா உடம்பில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். வெளிச்சம் உள்ளே புகாமல் தடுப்பது அந்தப் பள்ளம்தான். என் தோல் விளிம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றது. அழுத்திப் பிடித்துப் பூட்டினேன். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் ஓரத்தில் வெளிச்சம் கசிந்த பட்டை.

போதாக்குறைக்கு அந்தப் பசையின் ஆவி வேறு. மறுநாள் காலையில் பார்த்தால் மேல்கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைப் படலம், அதில் என் கட்டைவிரல் ரேகை அச்சு எடுத்த மாதிரி. சயனோஅக்ரிலேட் என்ற அந்தப் பசையின் குணமே அதுதான். ஆவியாகிப் பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளையாகப் படியும். தடயவியல்காரர்கள் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடி இருக்கும் எந்தப் பொருளுக்குப் பக்கத்திலும் அதைத் திறக்காதீர்கள்.

சரி, பாய் கடைக்கு வருவோம். அவர் மேஜையில் கனத்தை மில்லிமீட்டரில் அளக்கும் ஒரு கேஜ் இருந்தது. கடிகார முகம் மாதிரி வட்டமான டயல், கீழே இரண்டு தாடை, கட்டைவிரலால் அழுத்தினால் தாடை திறக்கும். யாஷிகாவின் பழைய துண்டை அதில் வைத்தார். முள் 0.7-ல் நின்றது. அடுத்து என் ஆம்பூர்த் தோல். 1.3.

"நீங்க வாங்கினது அப்பர். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கறது. உங்க பொட்டிக்கு லைனிங் கனம்தான் வேணும்."

ஷூவுக்குள் காலைத் தொடுகிற உள்தோல்தான் லைனிங். பெரும்பாலும் ஆட்டுத்தோல், கனம் குறைவு. முக்கால் மில்லிக்குக் கூடக்குறைய இருக்கும். கேமராவின் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே உறைக்கென்று விட்டிருக்கும் பள்ளமும் பல கேமராக்களில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உறை அந்தப் பள்ளத்துக்குள் உலோக விளிம்போடு சமமாக உட்கார வேண்டும். ஒரு நூல் மேலே எழும்பினாலும் ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் விரல் அந்த ஓரத்தைச் சுரண்டும். ஆறே மாதத்தில் மூலை பிய்ந்துகொண்டு வரும். ரொம்ப மெலிதாக இருந்தால் வேறு சங்கடம். அடியில் இருக்கும் ஒவ்வொரு திருகின் தலையும், சுரண்டாமல் விட்ட பசைக் கட்டியும், கோரைப்பாய்க்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி மேலே தெரியும். நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்கும் முன் கேஜில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கேஜ் இல்லாதவர்கள், பழைய துண்டையும் புதுத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஸ்கேலைப் படுக்க வைத்துப் பாருங்கள். ஸ்கேல் சாய்ந்தால் கனம் ஒத்துவரவில்லை.

லைனிங் தோல் ஒரு துண்டு கொடுங்கள் என்றேன். பாய் தலையாட்டினார்.

"இதுக்குத் தோல் வேணாம். ரெக்ஸின் போடுங்க."

"தோல் விக்கற நீங்களே ரெக்ஸின் போடச் சொல்றீங்களே பாய்?"

"கம்பெனிக்காரன் என்னா போட்டானோ அதையே போடுங்க. தோல் வேர்வை குடிக்கும், உப்பும், இழுக்கும், சுருங்கும். நாலு பக்கம் தகரத்துக்கு நடுவுல வெச்சு அடைச்சா அது எங்க போவும்?"

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்தான். மாமாவின் கேமராவுக்கு ரெக்ஸினா என்று. ஆனால் யாஷிகா 124ஜி 1970-ல் வந்தது. அந்தக் காலத்து ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக் பூசிய உறையோடுதான் வந்தன, நாம் இன்று ரெக்ஸின் என்பது அதைத்தான். மாமா தோல் என்று நம்பியது அவர் தப்பில்லை. தோல் மாதிரி தெரிய வேண்டும் என்றுதான் அதில் தோலின் சுருக்கங்களை அச்சழுத்தியிருக்கிறார்கள். ரெக்ஸின் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் போல் அச்சழுத்தியது. அந்தச் சரக்கு போய்ப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நம் பஸ் சீட்டிலும் பள்ளிக்கூடப் பையிலும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் கேமராவில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கம் பாருங்கள். நார் நாராகப் பிசிறு தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின். சந்தேகமிருந்தால் நுனியில் நகக்கண் அளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகிய நாற்றம் அடித்தால் தோல். உருகிச் சொட்டி மூக்கை எரித்தால் பிளாஸ்டிக். அந்தப் புகையை மோந்துகொண்டே நிற்க வேண்டாம்.

மூன்றாவது ஒரு ரகமும் உண்டு. பழைய லைக்கா கேமராக்களிலும், அதே கம்பெனியின் 1954-ல் வந்த எம்3-யிலும் போட்டிருப்பது வல்கனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கைக்கு அருமையாக இருக்கும். வயசானால் தட்டை மாதிரி மொறுமொறுவென்று உடையும். சித்தூர் நண்பர் ஒருவருடைய பழைய ரஷ்யக் கேமராவிலும் வல்கனைட்தான். ஸ்டிராப் வளையத்துக்குக் கீழே ஐந்து பைசா அளவுக்குப் பெயர்ந்திருந்தது. மொத்தமும் மாற்றிக்கொடு என்றார். முடியாது என்றேன். வல்கனைட்டை முழுசாக உரிக்க முடியாது, துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். நல்லாயிருக்கும் மீதியை எதற்குக் கொல்வது? கறுப்பு நிறம் கலந்த எபாக்சியைக் குழியில் நிரப்பி, இறுகுவதற்கு முன்னால், பக்கத்திலிருக்கும் சொரசொரப்பு வரும்படி ஊசிமுனையால் குத்திக் குத்தி விட்டேன். கிட்டத்தில் பார்த்தால் தெரியும். அவர் கிட்டத்தில் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, மாற்றத்தான் வேண்டுமா என்பது. வெறும் மூலை கிளம்பியிருந்தால் பல்குத்தும் குச்சி முனையில் துளிப் பசை, மேலே பிளாஸ்டிக் காகிதம், அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட், ஒரு ராத்திரி. அவ்வளவுதான். எனக்கு வந்த கேமராக்களில் பாதிக்கு இதுவே போதுமானதாக இருந்தது. வாங்கி விற்கும் எண்ணம் இருப்பவர்கள் அசல் உறையை உரிக்கவே வேண்டாம், விலை இறங்கும்.

மாமாவின் கேமராவுக்கு அது போதாது. ஓரத்தில் ஒரு மில்லிக்கு மேல் சுருங்கியிருந்தது. பிவிசியை வளைய வைப்பதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு பொருள் கலப்பார்கள். வருஷக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அது போகப்போக உறை விறைக்கும், சுருங்கும். இழுத்துவிட்டாலும் நிற்காது.

ரெக்ஸின் தேடி நான் அலைந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பைக் சீட் தைக்கும் குஷன் கடையில் கிடைப்பது கனம் அதிகம், சிலவற்றில் அடியில் ஸ்பாஞ்சும் சேர்ந்திருக்கும். புத்தகம் பைண்டிங் செய்பவரிடம் இருப்பது காகிதம் மாதிரி மெலிசு. கடைசியில் கைப்பை தைக்கும் டெய்லரிடம் கிடைத்தது. பொடி கிரெய்ன் (மேலே அச்சழுத்திய சுருக்கம்), அடியில் நெய்த துணி, கேஜில் 0.7. கால் மீட்டர் வாங்கினால் நாலு கேமராவுக்குக் காணும். அடித்துணியைக் கவனியுங்கள். பனியன் துணி மாதிரி பின்னியதாக இருந்தால் எல்லாப் பக்கமும் இழுபடும். வளைந்த உடம்புக்கு அது நல்லது, யாஷிகா மாதிரி தட்டையான பெட்டிக்கு நெய்த துணிதான் நிற்கும். கிரெய்ன் பெரிசாக இருந்தால் கேமரா சோஃபா மாதிரி ஆகிவிடும். பியூ (பாலியூரித்தேன் பூசியது) என்று விற்பது தொட்டால் தோலைவிட நன்றாக இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் அதன் பூச்சு சிதையும். பழைய ஷூவும் ஹேண்ட்பேகும் பீரோவுக்குள்ளேயே செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நீலப் பல்லித்தோல், ஆரஞ்சு நெருப்புக்கோழித்தோல் என்று இப்போது அச்சழுத்தி விற்கிறார்கள். அவரவர் கேமரா, அவரவர் கண். என் கையால் ஒட்ட மாட்டேன்.

உரிக்கும் வேலைக்கு இரும்பு ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. ஐஸ் குச்சியின் நுனியைச் சீவிச் சப்பையாக்கிக்கொள்ளுங்கள். பழைய பசை ரப்பர் வகையானால் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தில் இளகும். இன்னும் பழைய கேமராக்களில் அரக்கு போட்டு ஒட்டியிருப்பார்கள், அது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையும். எதுவானாலும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத்தான் வைக்க வேண்டும், ஊற்றக்கூடாது. உறைக்கு அடியில் திருகுகளும் ஓட்டைகளும் இருக்கும். அவற்றின் வழியாக உள்ளே இறங்கினால், கரைந்த பசையையும் சேர்த்து ஷட்டர் தகடுகளில் கொண்டுபோய்விடும். இரண்டாவதாக நான் கெடுத்த கேமராவில் பெயிண்டர் தின்னரைப் பயன்படுத்தினேன். பசை போனது. கூடவே உடம்பின் கறுப்புப் பெயிண்டும் போனது. அடியில் எங்காவது கறுப்புக் காகிதமோ டேப்போ ஓட்டையின்மேல் ஒட்டியிருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அது வெளிச்சத்தை அடைக்க வைத்தது. அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள்.

அளவெடுப்பதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. உரித்த துண்டைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு, அதன்படி வெட்டுவோம். அந்தத் துண்டுதான் ஏற்கெனவே சுருங்கிப்போனதாயிற்றே! அதை அளவாக வைத்தால் புதுசும் ஒரு மில்லி குறைவாகத்தான் வரும். துண்டிலிருந்து ஓட்டைகளின் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளி எல்லையைக் கேமராவின் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். பள்ளத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால், சின்ன வயதில் நாணயத்தைக் காகிதத்துக்கு அடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி விளிம்பும் ஓட்டையும் தெளிவாக விழும். அதை ஒரு அட்டையில் ஒட்டி வெட்டி, முதலில் அந்த அட்டையையே பள்ளத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். யாஷிகாவின் முன்தட்டுக்கு நான்காவது அட்டைதான் பொருந்தியது.

ரெக்ஸினை வெட்டுவது பின்பக்கத்திலிருந்து. அப்போது அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை நான் இரண்டு முறை மறந்து, இடது பக்கம் இருக்க வேண்டிய ஓட்டையை வலது பக்கம் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அட்டை வெட்டியவுடனே 'முகம்' என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுகிறேன். முதலில் ஓட்டைகள், பிறகுதான் வெளி எல்லை. வட்ட ஓட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் பஞ்ச், நேர் கோட்டுக்கு 11-ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு. ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல், மெதுவாக மூன்று முறை ஓட்டினால் கோடு நேராக வரும். பிளேடைப் பாதியில் மாற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். வெட்டிய விளிம்பில் அடித்துணியின் வெள்ளை தெரியும். ஒட்டும் முன் கறுப்பு மார்க்கரால் சுற்றிலும் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். இதைச் செய்யாத கேமராவைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

பசை பற்றி எனக்கும் பாய்க்கும் இன்னும் தகராறு. ரப்பர் பசை எது எடுத்தாலும் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பிவிசியிலிருந்து வெளியேறும் அந்த எண்ணெய்ப் பொருள் சாதாரண ரப்பர் பசையை இளக்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தால் ஓரத்தில் வெல்லப்பாகு மாதிரி கசியும், உறை மெல்ல நகரும். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டப் பயன்படுத்தும் பியூ பசை அதற்கு அசையாது. (பூச்சாக வந்தால் உதிர்கிற அதே பியூ, பசையாக வந்தால் கெட்டி. ரசாயனம் அப்படித்தான்.) இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஹேர் டிரையரால் ரெக்ஸின் பக்கத்தை லேசாகச் சூடாக்கி வைத்து அழுத்த வேண்டும். வைத்த இடம் வைத்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் ஒரு ஓரத்தை மட்டும் முதலில் பிடிமானம் கொடுத்து, மீதிக்கு நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே போகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பாய் கட்சி, எல்லாவற்றுக்கும் அதையே போடு என்பது. நான் போட மாட்டேன். யாஷிகா மேட்டின் முன்தட்டு உறைக்கு அடியில் நான்கு திருகுகள் இருக்கின்றன. லென்ஸைக் கழற்றித் துடைக்க வேண்டுமானால் அந்த உறையை உரித்துத்தான் ஆக வேண்டும். நிக்கான் எஃப், பென்டக்ஸ் ஸ்பாட்மேட்டிக் என்று பல கேமராவில் இதே கதைதான். உறை அழகுக்கு மட்டும் இல்லை, ரிப்பேர்காரன் நுழையும் கதவும் அதுதான். கதவுக்கு யாராவது சிமென்ட் பூசுவார்களா? அப்படிப்பட்ட இடங்களில் மெல்லிய இரட்டைப் பக்க டேப், அக்ரிலிக் பசை உள்ளது, அதைத்தான் ஒட்டுகிறேன். வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்தால் நகரும்தான். கேமராவை ஏன் அங்கே வைக்கிறீர்கள்?

இதற்குள் தோலே கூடாது என்று சொல்கிறேனோ என்று தோன்றும். மூன்றாவதாகக் கெடுத்த ஸ்பாட்மேட்டிக்கைச் சொல்லிவிடுகிறேன். பாயிடம் கெஞ்சி வாங்கிய, குரோம் உப்பில் பதனிட்ட லைனிங் தோல், சரியான கனம்தான். ஒட்டும்போது ஓரத்தில் அரை மில்லி குறைந்தது. தோல் இழுபடுமே என்று கட்டைவிரலால் இழுத்து நிரப்பிவிட்டேன். பத்தே நாளில் அது பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது, இரண்டு பக்கமும் வெள்ளிக் கோடு மாதிரி உலோகம் தெரிந்தது. தோலை இழுத்து ஒட்டக்கூடாது, கிடக்கிறபடி கிடத்த வேண்டும். அதோடு எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். மிருகத்தின் முதுகெலும்பு ஓடும் திசையில் தோல் குறைவாக இழுபடும், குறுக்கே அதிகம். வயிற்றுப் பக்கத்துத் தோல் இரண்டு பக்கமும் தொளதொள. கேமராவைச் சுற்றிவரும் நீளத் துண்டை முதுகுத் திசையில் எடுக்க வேண்டும். துண்டுத்தோலில் முதுகு எது என்று கண்டுபிடிக்க, கையில் பிடித்து இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள், விரலே சொல்லும்.

இரண்டு மாதம் முன்பு பாயே ஒரு பொட்டலத்தோடு குடியாத்தம் வந்தார். உள்ளே அவருடைய வாப்பாவின் ஜெர்மன் ஃபோல்டிங் கேமரா. இதன் உறை அசல் தோல், மொரோக்கோ கிரெய்ன் போட்ட ஆட்டுத்தோல், சந்தேகமே இல்லை. மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக, அம்மை போட்ட மாதிரி. பழைய தோல் கேமராக்களில் இது அடிக்கடி வரும். சேகரிப்பவர்கள் 'ஜைஸ் கொப்புளம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், மற்ற கம்பெனிக் கேமராக்களிலும் உண்டு. அடியில் உள்ள பித்தளை ரிவிட் தோலோடும் ஈரத்தோடும் சேர்ந்து களிம்பேறி, பச்சையாகப் புடைத்து, தோலை மேலே தள்ளுகிறது. மேலே சுத்தியால் தட்டினால் அடங்காது. தோலைத் தூக்கி, பச்சையைச் சுரண்டி எடுத்து, ரிவிட்டின் தலையில் வார்னிஷ் தொட்டு வைத்து, காய்ந்த பிறகுதான் மேலே மூட வேண்டும். சுரண்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நல்லதில்லை.

"ரெக்ஸின் போட்டுடட்டுமா பாய்?" என்றேன், வேண்டுமென்றே.

அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேஜையில் விரித்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த வெள்ளாட்டுத்தோல். ஈஐ (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஒரு காலத்தில் சென்னையிலிருந்து சீமைக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு. இப்போது சுற்றுவட்டாரத்தில் குரோம்தான் எங்கும். இதை எங்கே பிடித்தார் என்று கேட்டதற்குச் சிரித்தார். பட்டைத் தோலுக்கு ஒரு குணம், நனைத்து வைத்தால் வளைவுக்கு ஏற்றபடி படிந்து, காய்ந்ததும் அப்படியே நிற்கும். ஃபோல்டிங் கேமராவின் உருண்டை ஓரத்துக்கு அதுதான் சரி. அதே பட்டையின் துவர்ப்பு ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும், இரும்பு பட்டால் கறுக்கும். அதனால் வெறும் உலோகத்தின்மேல் நேராக ஒட்டுவதாக இல்லை, முழுக்க ஒரு பூச்சு வார்னிஷ் அடித்த பிறகுதான்.

கேஜை எடுத்து வைத்தேன். 0.75. அவரே சீவிவிட்டு வந்திருக்கிறார். ஒரு மூலையில் மட்டும் 0.9 காட்டியது. அதைச் சொன்னதும் பாய்க்கு முகம் மாறிவிட்டது. துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய், நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

பழைய தோலை உரித்து, எந்த இடத்துத் துண்டு என்று எழுதிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவின் யாஷிகா துண்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. அத்தை கேட்டால், தோல்தான் என்று சொல்லிக்கொள்வேன். பாயின் கேமராவில் பதினேழு ரிவிட். பதினான்கைச் சுரண்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் வார்னிஷ் காய வேண்டும்.